கூட்டி எழுதச் சொன்ன கேப்டன்

துறைமுகத்தில் ஒரு மூட்டையை இரண்டு பேர் எண்ணுவார்கள். கப்பலுக்காக ஒரு டாலி கிளார்க், கரைக்காக ஒரு டாலி கிளார்க். விஞ்ச் தூக்கி இறக்கும் ஒவ்வொரு சுமைக்கும் இரண்டு பென்சில்களும் ஒரே நேரத்தில் நகரும். நாலு கோடு நேராக, ஐந்தாவது கோடு குறுக்காக. ஷிப்ட் முடிந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். ஒத்துப்போனால் கையெழுத்து, போகாவிட்டால் வாக்குவாதம். 1976-இல் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் நான் டாலி கிளார்க்காகச் சேர்ந்தேன். எங்கள் துறைமுகம் பெருந்துறைமுகமாகி அப்போது இரண்டு வருஷம்தான். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஒன்று பிடிபட்டது. இரண்டு கணக்கும் வேறுபட்டால், ஒவ்வொருவருடைய தவறும் அவரவருக்கு லாபமான பக்கம்தான் சாய்ந்திருக்கும். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பச்சை முந்திரிக்கொட்டை இறங்கும்போது கப்பல் கணக்கில் மூட்டை கூடும், கரைக் கணக்கில் குறையும். உப்பு ஏற்றும்போது இதுவே தலைகீழ்.

இதை யாரும் களவு என்று நினைக்கவில்லை. அது கடற்கரையின் இயல்பு. முத்துக்குளிப்பு நடந்த காலத்திலும் அப்படித்தான். எங்கள் தாத்தா காலத்தில் சிப்பி எடுத்த வள்ளங்கள் கரைக்கு வந்ததும் அள்ளி வந்ததையெல்லாம் மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். குளியாளிகள்தான் பிரிப்பார்கள். எந்தக் குவியல் அவர்களுக்கு என்று அதிகாரி கை காட்டுவார். இரண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. தனக்கு எது வரும் என்று தெரியாததால் பிரிப்பவன் மூன்றையும் சமமாகவே பிரிப்பான். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது நம்பிக்கையில் கட்டிய ஏற்பாடு இல்லை. எல்லாரும் ஏமாற்றுவார்கள் என்று முன்கூட்டியே எடுத்துக்கொண்டு கட்டியது. கடலில் வைத்தே சிப்பியைத் திறந்து முத்தை வாய்க்குள் போட்டுக்கொள்வார்கள் என்று வள்ளத்தில் காவல் ஆளும் போடுவார்கள். 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு அதெல்லாம் முடிந்துபோனது. சிப்பி வளரவில்லை, கடலில் இறங்க வேலையில்லை. குளியாளி வீட்டுப் பிள்ளைகளில் சிலர் சங்கு எடுக்கப் போனார்கள், சிலர் தோணியில் ஏறினார்கள், என்னைப் போலச் சிலர் பென்சிலும் தாளுமாகத் துறைமுகத்துக்குள் வந்தோம்.

இப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த எனக்கு கோல்ஃப் என்ற ஆட்டம் என்ன செய்தது என்று எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை.

எங்கள் ஏஜென்சி மேனேஜரை எல்லாரும் கேப்டன் என்றுதான் சொல்வோம். நிஜமான கேப்டன், சரக்குக் கப்பலில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றுக் கரையேறியவர். மே மாசம் கம்பெனி விருந்தினர் பங்களா கொடைக்கானலில் திறந்தால் அவரும் போவார், கையோடு ஃபைலும் டெலக்ஸ் தாளும் தூக்கிக்கொண்டு ஒரு கிளார்க்கும் போவான். 1979-இல் அந்தக் கிளார்க் நான். கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனில் இறங்கி, வத்தலக்குண்டு வழியாக மலை ஏறி, மறுநாள் காலை ஏழு மணிக்கு கேப்டன் என்னைக் கூப்பிட்டார். அவரோடு ஆட வேண்டியவர் வரவில்லை.

"தம்பி, நீ டாலி கிளார்க்தானே? வா, இன்னைக்கு எனக்குக் கணக்கு எழுது."

கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-இல் தொடங்கியது. தூண் பாறைக்குப் போகிற வழியில், பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டி, பதினெட்டு குழிகள் மேடும் பள்ளமுமாகப் பரந்து கிடக்கின்றன. உப்பளத்து வெள்ளையிலும் செம்மணல் தேரியிலும் பழகிய கண்ணுக்கு அவ்வளவு பச்சை தாங்கவில்லை. மதியத்துக்கு மேல் பனி ஏறிவிட்டால் அடித்த பந்து எங்கே விழுந்தது என்று ஓசையை வைத்துத்தான் தெரியும். காலையில் காட்டெருமைகள் மைதானத்தில் மேய்ந்துகொண்டிருக்கும். அவை நகரும்வரை நாம் நிற்க வேண்டும். அவற்றை விரட்டுகிற துணிச்சல் அங்கே யாருக்கும் இல்லை, இருக்கவும் கூடாது.

கேப்டன் முதலில் சொல்லிக்கொடுத்தது ஆட்டம் இல்லை, எங்கே நிற்க வேண்டும் என்பது. அடிப்பவர் கண்ணுக்கு நேராக நிற்காதே, பின்னாலும் நிற்காதே. உன் நிழல் அவர் பந்துக்கும் குழிக்கும் நடுவில் விழக் கூடாது. கிரீனில், அதாவது குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லில், இன்னொருவர் பந்து உருளப் போகிற பாதையை மிதிக்காதே. யார் பந்து குழியிலிருந்து தூரத்தில் கிடக்கிறதோ அவர் முதலில் அடிப்பார். முந்தின குழியில் குறைவாக எடுத்தவருக்கு அடுத்த குழியில் முதல் அடி. புல்லைப் பெயர்த்தால் அந்தப் புல்கட்டியை எடுத்துவந்து அதே இடத்தில் வைத்து மிதி. மணல் பங்கரில் இறங்கினால் உன் காலடித் தடத்தை நீயே ரேக்கால் அழித்துவிட்டு ஏறு. உனக்குப் பின்னால் வருகிறவன் முகம் உனக்குத் தெரியாது, அவனுக்காகத்தான் இதெல்லாம். அந்தக் காலத்து விதிப் புத்தகத்தில் விதிகளுக்கு முன்னால் மரியாதைக்குத்தான் முதல் பகுதி என்று கேப்டன் பெருமையாகச் சொல்வார். அதற்குப் பிறகுதான் விதி எண் ஒன்று.

விதிகளும் அப்போது கறாரானவை. தொலைந்த பந்தைத் தேட ஐந்து நிமிஷம். பந்தை எடுத்து வேறிடத்தில் போட வேண்டி வந்தால், குழியைப் பார்த்து நிமிர்ந்து நின்று, தோளுக்கு மேலாகப் பின்பக்கம் போட வேண்டும். எங்கே விழுகிறது என்று போடுபவர் பார்க்கக் கூடாது என்பதற்காக. கொடி குழியில் நிற்கும்போது கிரீனிலிருந்து உருட்டி அது கொடியில் பட்டால் இரண்டு அடி அபராதம். கிரீனில் பந்து விழுந்த பள்ளத்தைச் சரிசெய்யலாம், பழைய குழியை அடைத்த மூடியைச் சரிசெய்யலாம். வேறெந்தக் கீறலையும் தொடக் கூடாது. காட்டெருமைக் குளம்பு பதிந்த பள்ளம் உங்கள் பந்துக்கும் குழிக்கும் நடுவில் இருந்தாலும் அதன் மேலேயே உருட்ட வேண்டியதுதான். கிடக்கிற இடத்தில் கிடக்கிறபடி அடி என்பதுதான் இந்த ஆட்டத்தின் ஆணிவேர்.

எட்டாவது குழி என்று நினைக்கிறேன். கேப்டன் இரண்டாவதாக அடித்த பந்து வலது பக்கம் மரங்களுக்குள் போனது. அவர் மட்டும் உள்ளே போனார். பையைத் தூக்கிவந்த கேடி அண்ணன் அந்தப் பக்கம் காட்டெருமை இருக்கிறதா என்று பார்க்கப் போயிருந்தார். நான் பாதையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு அடி ஓசை கேட்டது, பந்து வெளியே வந்தது. அப்புறம் கிரீனுக்கு ஒன்று, கிரீனில் இரண்டு. என் கணக்கில் மொத்தம் ஆறு. எழுதிவிட்டேன். கேப்டன் கார்டை எட்டிப் பார்த்தார்.

"ஏழு போடு."

"சார், நான் எண்ணிட்டுத்தான் இருந்தேன். ஆறுதான்."

"உள்ளே பந்துக்குப் பின்னால ஸ்டிக்கை வச்சேன். பந்து அசஞ்சிட்டு. ஒரு அடி அபராதம். கூட்டி எழுது."

யாரும் பார்க்கவில்லை. பந்து அசைந்தது ஒரு விரல்கடை இருக்குமோ என்னவோ. எனக்கு அந்த நிமிஷம் நன்றாக நினைவிருக்கிறது. பென்சில் கையில் இருக்கிறது, எழுத வரவில்லை. எத்தனையோ ஷிப்டுகளில் கரையும் கப்பலும் தாளை நீட்டிச் சண்டை போட்டதைப் பார்த்தவன் நான். ஒரு ஆள் தன் கணக்கைத் தனக்கே நஷ்டமாகத் திருத்தச் சொல்லி அதுவரை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதுவும் எதிர்த் தரப்பே இல்லாத ஆட்டத்தில். அன்றைக்கு அவரோடு போட்டி போட ஆள்கூட இல்லை.

இறங்கி வரும்போது கேட்டேன். "சார், யாரும் இல்லாத இடத்துல எதுக்கு?"

"இந்த ஆட்டத்துக்கு அம்பயர் கிடையாது. ஆடுறவன்தான் அம்பயர். நான் பார்க்கலேன்னு சொல்லிட்டா அப்புறம் ஆட்டமே கிடையாது, வெறும் நடைதான்."

இதைக் கேப்டன் கற்றது ஒரு துறைமுக ஊரில். இளம் அதிகாரியாக இருந்தபோது அவருடைய கப்பல் ஸ்காட்லாந்தில் எடின்பரோவின் துறைமுகமான லீத்தில் நின்றதாம். கோல்ஃபுக்கு முதன்முதலில் எழுத்தில் விதி வந்தது அந்த லீத்தில்தான். 1744-ஆம் வருஷம், வெள்ளி ஸ்டிக் ஒன்றைப் பரிசாக வைத்து நடந்த போட்டிக்காகப் பதின்மூன்று விதிகளை எழுதினார்கள். அந்த மைதானத்தில் மொத்தமே ஐந்து குழிகள். ஜெயித்தவர் ஜான் ராட்ரே என்ற மருத்துவர். பந்தை ஒரு ஆளோ குதிரையோ நாயோ தடுத்துவிட்டால் நின்ற இடத்திலிருந்தே ஆட வேண்டும் என்று அதில் ஒரு விதி. ஊர்ப் பொது வெளியில், ஆளும் மாடும் நடமாடுகிற இடத்தில் ஆடிய ஆட்டம் அது என்பது அந்த ஒரு விதியிலேயே தெரியும். பணக்காரர்கள் வேலி போட்டு ஆடுகிற ஆட்டமாக அது பிற்பாடு ஆனது. நம் நாட்டுக்கு வந்ததும் வேலியோடுதான். கல்கத்தாவில் 1829-லேயே கிளப் வந்துவிட்டது. நமக்கு எதிர்க்கரையில் கொழும்புக்காரர்கள் காலிமுகத்திடலில் ஆடிவிட்டு, 1896-இல் ரிட்ஜ்வே மைதானத்துக்குப் போனார்கள். அங்கே களனிவெளி ரயில்பாதை மைதானத்தின் குறுக்கே ஓடுகிறது. நம் ஊரிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஓடிய நாளில் இங்கிருந்து போனவர்கள் எத்தனையோ பேர் அந்தப் பக்கம் வேலை பார்த்திருப்பார்கள், உள்ளே போய் ஆடியிருக்க மாட்டார்கள்.

கார்டு எழுதுவது என் வேலையாகிவிட்டதால் கேப்டன் எனக்கு ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார். 1968 ஏப்ரல், அமெரிக்காவில் அகஸ்டா மாஸ்டர்ஸ் போட்டி. அர்ஜென்டினாவின் ராபர்ட்டோ டி விசென்சோ கடைசி நாள் 65 அடியில் முடித்துவிட்டார். அன்று அவருடைய 45-ஆவது பிறந்தநாள். பாப் கோல்பியும் அவரும் சமநிலை, மறுநாள் இருவரும் மீண்டும் ஆட வேண்டும். ஆனால் பதினேழாவது குழியில் மூன்று எடுத்ததை, அவருக்குக் கணக்கெழுதிய சக ஆட்டக்காரர் நாலு என்று எழுதிவிட்டார். டி விசென்சோ கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கையெழுத்துப் போட்ட பிறகு கூடுதலாக எழுதியது அப்படியே நிற்கும் என்பது விதி. 65 என்பது 66 ஆனது, ஒரு அடியில் பட்டம் போனது. லட்சக்கணக்கான பேர் டிவியில் பார்த்த மூன்று அது. டி விசென்சோ கணக்கெழுதியவரைக் குறை சொல்லவில்லை, தன் தவறு என்றுதான் சொன்னார். இந்தக் கதையைக் கேட்டபோது எனக்கு ஆட்டக்காரர் மேல் வந்த இரக்கத்தைவிட அந்தப் பென்சில்காரர் மேல் வந்த இரக்கம் அதிகம். அதற்கப்புறம் துறைமுகத்தில் ஷிப்ட் முடிந்து கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இன்னொரு முறை கூட்டிப் பார்க்கிற பழக்கம் வந்தது. எதிர்த் தரப்பு டாலிக்காரரிடம், "அண்ணாச்சி, இந்த வரிசையில எனக்குத்தான் ஒண்ணு கூடிட்டு, குறைச்சுக்கிடுதேன்" என்று சொல்லவும் வந்தது. முதல் தடவை அவர் என்னை நம்பவே இல்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று மொத்தத் தாளையும் மறுபடி எண்ணினார்.

நான் எழுதியே ஆக வேண்டியது கேடி அண்ணனைப் பற்றி. அவர் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். பந்து கிளம்புகிற ஓசையிலேயே அது எங்கே இறங்கும் என்று சொல்லிவிடுவார். எந்தக் கிரீன் எந்தப் பக்கம் சாயும், மழைக்கு மறுநாள் எவ்வளவு மெதுவாக ஓடும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. விதிப் புத்தகத்தை அவர் படித்ததில்லை. ஆனால் கேப்டனுக்குச் சந்தேகம் வந்தால் அவரைத்தான் பார்ப்பார். "சார், அது கோட்டுக்கு அந்தப் பக்கம். திரும்பப் போய் அடிக்கணும்" என்பார். தன் முதலாளிக்கு நஷ்டமான விஷயத்தை அப்படிச் சத்தமாகச் சொல்ல அவருக்குத் தயக்கமே கிடையாது. கேடி செய்கிற தவறுக்கு அபராதம் ஆடுபவருக்குத்தான் என்பதால் அவர் கால் வைப்பதைக்கூடப் பார்த்து வைப்பார். இரண்டு மனிதர்கள், ஒருவர் சம்பளம் கொடுப்பவர், ஒருவர் வாங்குபவர், நாலு மணி நேரம் ஒரே உண்மையைச் சேர்ந்து காப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஆனால் அந்த நம்பிக்கை மைதானத்தோடு நின்றது. வேறொரு ஊரில் ஒரு கிளப், பெயர் வேண்டாம். கேப்டன் விருந்தாளியாகப் போயிருந்தார், நானும் கூட. ஒரு உறுப்பினருடைய புதுப் பந்து காணாமல் போனது. வெளிநாட்டுப் பந்து, அந்தக் காலத்தில் கிடைப்பது அரிது. விதிப்படி ஐந்து நிமிஷம் தேடினார்கள். அப்புறம் ஒரு பதினாலு வயசுக் கேடிப் பையனை நிறுத்தி, டவுசர் பையை வெளியே இழுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. அந்தப் பையன் அழவில்லை, பழகியவனாக இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றான். தன் அடியைத் தானே எண்ணி எழுதுகிற, யாரும் சரிபார்க்காத உறுப்பினர் அவர். அவருக்கு அந்தப் பையனிடம் மட்டும் காவல் தேவைப்பட்டது. எனக்கு வள்ளத்தில் காவல் ஆள் போட்டதெல்லாம் ஞாபகம் வந்தது. கேப்டன் அதற்கு மேல் ஆடவில்லை. ஒன்பதாவது குழியோடு கையைக் குலுக்கிவிட்டுக் கிளம்பிவிட்டார். ரயிலில் வரும்போது ஒன்று சொன்னார்: "ஆட்டத்துக்கு மரியாதை தெரிஞ்சவன் ஆளுக்கும் மரியாதை தெரிஞ்சிருக்கணும்லா."

இப்போது துறைமுகத்தில் மூட்டையை யாரும் எண்ணுவதில்லை. 1999-இல் கன்டெய்னர் முனையம் வந்தது. பெட்டிக்குச் சீல், சீலுக்கு எண், எடைமேடை, கேமரா. மூட்டைக்கணக்கில் என்னோடு சண்டை போட்டவர்கள் எல்லாரும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். பழைய துறைமுகத்துத் தோணிகளில் மாலத்தீவுக்குக் காய்கறியும் வெங்காயமும் ஏற்றும்போது மட்டும் இன்னும் ஆள் எண்ணுகிற குரல் கேட்கிறது. துறைமுகம் மனிதக் கணக்கை நம்பாமல் இயந்திரத்துக்குப் போய்விட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை, சரக்குக்கு அதுதான் நல்லது.

அதே காலத்தில் கோல்ஃப் போன திசை வேறு. அதை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. 1984-இல் தோளுக்கு மேல் பின்பக்கம் போடுகிற வழக்கம் போய், கையை நீட்டித் தோளுயரத்தில் போடலாம் என்றானது. 2019-இல் விதிகளை மொத்தமாகத் திருத்தி எழுதினார்கள். இப்போது முழங்கால் உயரத்திலிருந்து போட வேண்டும், கண்ணால் பார்த்தே போடலாம். தேட மூன்று நிமிஷம்தான். கொடி குழியிலேயே நிற்கலாம், பந்து பட்டாலும் அபராதமில்லை. கிரீனில் பந்து தற்செயலாக அசைந்துவிட்டால் திருப்பி வைத்துவிட்டு ஆடலாம். கேப்டன் மரத்துக்குள் அசைத்தாரே, அதற்கு இன்றைக்கும் ஒரு அடி உண்டு. முக்கியமாக, கிரீனில் விலங்கின் கால்தடமோ குளம்புப் பள்ளமோ இருந்தால் சரிசெய்துகொள்ளலாம். இந்த ஒரு வரியை லண்டனிலோ நியூயார்க்கிலோ இருப்பவர் படித்துவிட்டுப் புரட்டிப் போயிருப்பார். கொடைக்கானலில் ஆடியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வரி!

பழைய ஆட்கள் சிலர் விதி தளர்ந்துவிட்டது என்று வருத்தப்படுகிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தோளுக்கு மேல் பின்பக்கம் போடச் சொன்ன விதி ஆடுபவனைச் சந்தேகப்பட்ட விதி. கண்ணால் பார்த்துப் போடலாம் என்பது அவனை நம்புகிற விதி. ஒரு இடத்தை, ஒரு தூரத்தைக் கணிக்க வேண்டி வந்தால், ஆடுபவர் நியாயமாகக் கணித்திருந்தாலே போதும், பிற்பாடு வீடியோவில் கொஞ்சம் தள்ளியிருந்தது தெரிந்தாலும் குற்றமில்லை என்று இப்போது விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது.

அந்த வரி வருவதற்குள் ஒரு பெண் ரொம்ப அடிபட்டாள். 2017 ஏப்ரலில் கலிஃபோர்னியாவில் ஏஎன்ஏ இன்ஸ்பிரேஷன் போட்டியில் லெக்ஸி தாம்ப்சன் முன்னணியில் இருந்தாள். முந்தின நாள் ஒரு கிரீனில் பந்தைக் குறியிட்டு எடுத்துத் திருப்பி வைத்தபோது ஓரங்குலம் தள்ளி வைத்துவிட்டாள் என்று டிவியில் பார்த்த யாரோ ஒருவர் மறுநாள் மின்னஞ்சல் போட்டார். இடம் மாற்றி வைத்ததற்கு இரண்டு அடி, அதனால் கார்டு தப்பானதற்கு இன்னும் இரண்டு அடி. கடைசிச் சுற்று ஆடிக்கொண்டிருக்கும்போதே நாலு அடியைத் தலையில் போட்டார்கள். அழுதுகொண்டே ஆடி, கூடுதல் ஆட்டம் வரைக்கும் கொண்டுபோய்த் தோற்றாள். 2018 முதல் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர் சொல்லும் புகாரை ஏற்பதில்லை என்று முடிவானது. அபராதம் இருப்பதே தெரியாமல் கையெழுத்திட்டால் கார்டுக்கான கூடுதல் தண்டனையும் இல்லை. இவ்வளவு கேமரா வந்த பிறகும், மைதானத்தில் இருக்கிறவர்களின் சொல்லே போதும் என்று ஒரு விளையாட்டு முடிவெடுத்திருக்கிறது. நான் முப்பது வருஷத்துக்கு மேல் பார்த்த வேலையில் அப்படி ஒரு முடிவை யாரும் யோசித்தே இருக்க மாட்டார்கள்.

கேப்டன் இப்போது இல்லை. 2023 மே மாசம் என் மகளோடு கொடைக்கானல் போனேன். அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள், சனிக்கிழமைகளில் பயிற்சித் திடலுக்குப் போய் அடித்துப் பழகியிருக்கிறாள். அதிதி அசோக் டோக்கியோ ஒலிம்பிக்ஸில் நாலாவது வந்த அந்தக் காலையில், வீட்டில் எங்களோடு உட்கார்ந்து பார்த்தபோதுதான் அவளுக்கு இந்த ஆட்டத்தில் பிடிப்பு வந்தது. கணக்குக்கு அவளிடம் தாளே கிடையாது, போனில் ஒரு செயலி.

எங்களோடு வந்த கேடி இருபத்தைந்து வயசுப் பையன். இரவு மைதானத்தில் மேய்ந்த காட்டெருமை ஒன்று கிரீனை உழுதுவிட்டுப் போயிருந்தது. மகள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பையன் சொன்னான்: "மேடம், குளம்புத் தடத்தைச் சரி பண்ணிக்கலாம். புது ரூல்ல இருக்கு." அவனே குனிந்து முள்கருவியால் ஓரங்களை உள்ளே தள்ளி, உள்ளங்காலால் அழுத்திச் சமன் செய்தான். அவளுக்குப் பின்னால் நின்று திசை காட்ட அவனுக்கு இப்போது அனுமதியில்லை, அதுவும் 2019-இல் மாறியதுதான். ஆகவே முன்கூட்டியே பக்கவாட்டில் நின்று சாய்வைச் சொல்லிவிட்டு விலகிக்கொண்டான். விதிகளைப் போனில் தமிழ்ப்படுத்தித் தானே படித்ததாகச் சொன்னான். அடுத்த குழியில் மகள் செயலியில் ஐந்து போட்டாள்.

"மேடம், பங்கர்ல ரெண்டு."

அவள் யோசித்துப் பார்த்தாள். மணலைச் சீவி பந்தைத் தொடாமல் போன அடி ஒன்று இருந்தது. அடிக்க நினைத்து வீசியது, அதுவும் ஒரு அடிதான். ஆறு என்று மாற்றினாள், அவனுக்கு நன்றியும் சொன்னாள். மதியம் சாப்பாட்டு மேஜையில் அவனை எங்களோடு உட்காரச் சொன்னோம். கொஞ்சம் தயங்கினான், அப்புறம் உட்கார்ந்தான். இதைச் சாதனை மாதிரி எழுதுவதற்கே எனக்கு வெட்கமாக இருக்கிறது. 1979-இல் கேடி அண்ணனோடு உட்கார்ந்து சாப்பிட எங்களில் யாருக்கும் தோன்றியிருக்காது. பதினெட்டுக் குழியும் அவர் கண்ணை நம்பி ஆடினோம்.

ஊருக்கு வந்ததிலிருந்து மகளும் நானும் இதைத்தான் பேசுகிறோம். டெல்லியில் கேடியாக ஆரம்பித்த அலி ஷேர் 1991-இல் இந்தியன் ஓபனை ஜெயித்தார், 1993-இல் மறுபடியும். பெங்களூரில் கேடியாக இருந்த முனியப்பா 2009-இல் அதே பட்டத்தை வாங்கினார். ஆட்டத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவனுக்கு ஆட இடம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். எங்கள் கடற்கரைப் பிள்ளைகளுக்கு அந்த இடம் எப்படிக் கிடைக்கும்? குடிக்கவே குடத்தைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாவட்டத்தில் புல் வளர்த்துத் தண்ணீர் ஊற்றுவது அநியாயம். நான் அதைக் கேட்க மாட்டேன்.

ஆனால் கோல்ஃபுக்குப் புல்லே வேண்டும் என்றில்லை. நம் நாட்டுச் சமவெளியில் பல கிளப்புகளில் ஒருகாலத்தில் கிரீன் என்பது எண்ணெய் கலந்து இறுக்கிய மணல்தான், பிரவுன் என்பார்கள். ஆஸ்திரேலியாவில் கூபர் பீடி என்று ஓபல் கல் தோண்டுகிற பாலைவன ஊர். அங்கே மைதானத்தில் ஒரு புல்கூடக் கிடையாது. ஆடுபவர்கள் ஒரு துண்டு செயற்கைப் புல்லைக் கையில் எடுத்துப்போய், பந்தை அதன்மேல் வைத்து அடிக்கிறார்கள். கல் எடுக்கிற ஊரால் முடிந்தது முத்தெடுத்த ஊரால் முடியாதா? மணப்பாட்டு மணல்மேட்டில் நின்றுகொண்டு கேப்டன் ஒருமுறை, "ஸ்காட்லாந்துல ஆட்டம் பொறந்ததும் இந்த மாதிரி கடற்கரை மணல்லதான்டே" என்றார். அன்றைக்கு அதை நான் பேச்சுக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

என் கூட்டாளி ஒருவருடைய உப்பளத்துக்கு மேற்கே ஒரு பொட்டல் கிடக்கிறது. உடைமரம் நாலைந்து, மற்றபடி வெறும் தரை. கேட்டுவிட்டேன், சரி என்றுவிட்டார். மூன்று குழி போதும். கேப்டனின் பழைய ஸ்டிக்குகள் என் வீட்டில் இருக்கின்றன, அவர் மகன் கொடுத்தது. பந்துக்கு மகள் ஏற்பாடு செய்கிறாள். அந்தக் கொடைக்கானல் பையனும் ஒரு வாரம் வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறான். போக்குவரத்துச் செலவோடு தினக்கூலியும் கட்டாயம் கொடுப்போம் என்று சொல்லித்தான் கூப்பிட்டோம். இரண்டு தெருவிலிருந்து பதினோரு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதில் நாலு பெண் பிள்ளைகள். முதல் நாள் யாரும் அடிக்கப் போவதில்லை. ஜோடி ஜோடியாக நிறுத்தி, நான் உருட்டிக் காட்டுவதை எண்ணிக் கார்டில் எழுதச் சொல்லப் போகிறேன். மழை ஓய்ந்து தரை காய்ந்ததும், தை மாசம் குழி வெட்ட ஆரம்பிக்கிறோம்.